பிள்ளைங்க கையில் செல்போன்... சொல்லித்தர ஆள் எங்கே? கோடை விடுமுறையில் சைபர் பயிற்சி கிடைக்குமா?

புதுச்சேரி:

பள்ளிக்கூடம் லீவு விட்டால் பண்டசோழநல்லூர், மடுகரை, கரியமாணிக்கம் பக்கம் அப்பா, அம்மாவின் செல்போன் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். அதே போனில்தான் வங்கி ஓ.டி.பி.யும் வருகிறது, கூகுள் பேயும் இருக்கிறது. கேம் விளையாடும்போது வரும் லிங்கை அமுக்கி, கேட்கிற நம்பரை அடித்துவிட்டால் ஒரு மாச கூலிக்காசு போச்சு.

பெரிய பசங்களுக்கு வேறு ஆபத்து. 'உன் பேங்க் அக்கவுண்டை கொடு, கமிஷன் தர்றோம்' என்று மோசடி கும்பல் வலை வீசுகிறது. ஏமாந்தவர்களின் பணம் அந்த கணக்கு வழியாகத்தான் கைமாறுகிறது. போலீசார் முதலில் தேடி வருவது கணக்குக்கு சொந்தக்கார பையனைத்தான். கமிஷன் கொடுத்தவன் எங்கேயோ இருப்பான்!

இதை பள்ளியில் சொல்லித்தர ஏற்பாடு இல்லாமல் இல்லை. 9 முதல் பிளஸ்-2 வரை படிப்பவர்களுக்கு சி.பி.எஸ்.இ. 2020-லேயே கையேடு போட்டது. மாதத்தின் முதல் புதன்கிழமை சைபர் விழிப்புணர்வு தினம் நடத்தவும் மத்திய அரசு சொல்லியிருக்கிறது. ஆனால் மைக்கில் ஒரு மணி நேரம் பேசினால் பிள்ளைகள் மனதில் எவ்வளவு நிற்கும்? புதுவை அரசு பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு பாடத்தை முடிக்கவே வாத்தியார்களுக்கு நேரம் பத்தவில்லை. மிச்சம் இருப்பது கோடை விடுமுறைதான்.

அமெரிக்காவில் 2014 முதல் 'ஜென்சைபர்' என்ற பெயரில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவச கோடை முகாம் நடத்தினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம மாகியை சுற்றியுள்ள கேரளாவில் 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் தொடங்கின. 2022 மே மாதம் அந்த பிள்ளைகளே தாய்மார்களை உட்கார வைத்து ஆன்லைன் மோசடி பற்றி பாடம் எடுத்தார்கள்.

இங்கேயும் பள்ளிக்கு ஒரு ஆசிரியரை நாலு நாள் அழைத்து பயிற்சி கொடுத்தால் அவர் வருஷா வருஷம் நூறு பிள்ளைகளுக்கு சொல்வார். லீவையும் பிடுங்கினால் எப்படி என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். வாக்காளர் பட்டியல் வேலை பார்த்தவர்கள், கேட்பதில் தப்பில்லை. அதற்கு ஈடாக வேறு நாளில் விடுப்பு கொடுக்கலாம்.

முகாமில் முதலில் சொல்ல வேண்டியது 1930 என்ற நம்பர். பணம் போன உடனே அழைத்தால் அந்த பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. அடி விழுமே என்று பயந்து பிள்ளை ராத்திரி வரை வாய் திறக்காமல் இருந்தால், அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.