எல்லாமே உலோகமாக இருந்தால்தான் நல்லதா?

கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகுகிறோம். கேம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் சிஸ்டம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. கார்டு மோசமா? இல்லை. அது கேட்கும் மின்சாரத்தைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸால் கொடுக்க முடியவில்லை. இந்தப் பாடத்தை நம் வாசகர்களில் பலர் கைக்காசைச் செலவழித்தே கற்றிருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஆனால் அதே பாடத்தை என் மகனின் பொம்மை டிரக் எனக்கு மறுபடியும் நடத்தும் என்று நான் நினைக்கவில்லை.

ரிமோட்டில் ஓடும் சிறிய டிரக்குகளைத்தான் சொல்கிறேன். கல், மேடு, மண் குவியல் என்று எதன் மீதும் மெதுவாக ஏறிச் செல்லும் இந்த வகையைக் கிராலர் என்கிறார்கள். 1/24 அளவில் ஆக்சியலின் எஸ்சிஎக்ஸ்24, 2022ல் வந்த 1/18 அளவு டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம், 1/16 அளவில் டபிள்யூபிஎல் டிரக்குகள் என்று நிறைய இருக்கின்றன. உள்ளே மோட்டார், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ஆக்சில், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ என எல்லாம் நிஜ வண்டியைப் போலவே இருக்கும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் மாதிரி, எந்தப் பாகத்தையும் கழற்றி வேறு மாட்டலாம்.

இங்கேதான் ஆசை ஆரம்பிக்கிறது. பெரும்பாலான பாகங்கள் பிளாஸ்டிக்காக வருகின்றன. அதே பாகங்களை அலுமினியம், பித்தளை, ஸ்டீல் என்று பளபளப்பாகச் செய்து வேறு நிறுவனங்கள் விற்கின்றன. மகனின் டிரக்கில் ஒரு பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் உடைந்தது. அந்த ஒரு ஷாஃப்டை மட்டும் வாங்கியிருக்கலாம். ‘இனி எதுவுமே உடையக்கூடாது’ என்று முழு மெட்டல் செட்டாக ஆர்டர் செய்தேன். டிரக்கின் விலையில் முக்கால் பங்கு அதற்கே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் உட்கார்ந்து மாட்டினோம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் 540 கிராம் இருந்த டிரக் 790 கிராம் ஆகியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே சர்வோவின் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்து, ஸ்டியரிங் திரும்பவில்லை. அதைச் சரி செய்து ஓட்டினால் மோட்டாரிலிருந்து கருகல் வாடை. “அப்பா, முன்னாடி மாதிரி ஏறவே மாட்டேங்குதுப்பா” என்றான். டிரக் அலமாரிக்குப் போனது, பையன் மறுபடியும் செல்போனுக்குப் போய்விட்டான். அவனை அதிலிருந்து வெளியே கொண்டுவரத்தான் டிரக்கையே வாங்கியிருந்தேன்.

என்ன தவறு நடந்தது?

பழைய வீடுகளில் அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று, ஃப்யூஸ் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியைக் கட்டி வைப்பார்களே, அதைத்தான் நானும் செய்திருக்கிறேன். கம்பி அதன்பின் உருகாது. ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். டிரக்கில் அந்த பிளாஸ்டிக் ஷாஃப்ட் ஒரு ஃப்யூஸ். சக்கரம் கல்லில் சிக்கிக்கொண்டால் முதலில் அது உடையும். அதை ஸ்டீலாக மாற்றியதும் விசை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. சக்கரம் நின்றுவிட்ட நிலையில் நாம் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால், சுற்ற முடியாத மோட்டார் மிக அதிகமான கரண்ட்டை இழுத்துச் சூடாகிறது.

எடையும் ஒரு காரணம். இந்த பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ளவை. அலுமினியம் 2.7 கிராம், ஸ்டீல் 7.8 கிராம், பித்தளை சுமார் 8.5 கிராம். அதே அளவுப் பாகத்தைப் பித்தளையில் போட்டால் எடை ஏழெட்டு மடங்கு ஆகிறது. பிளாஸ்டிக் பாகங்களைத் திருப்புவதற்கென்று கொடுத்த குட்டி சர்வோ, கனமான சக்கரங்களை எத்தனை நாள் திருப்பும்?

உலோகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான இடத்தில் போட்டால் டிரக்கின் குணமே மாறிவிடும். மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்சக்கரங்களுக்குப் போய், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன் ஆக்சிலில், சக்கரத்துக்கு அருகே தாழ்வாகக் கொஞ்சம் பித்தளை சேர்த்தால் முன்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்ளும். முன்பு கவிழ்ந்த சரிவில் இப்போது ஏறும். அதே எடையை மேலே, பாடியிலோ கூரையிலோ அலுமினியமாக ஏற்றினால் எதிர்மாறான பலன்தான். செட்டாக வாங்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

ஆகவே வாசகர்களுக்கு என் யோசனைகள் இவை.

1. உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். ஒரே பாகம் இரண்டு மூன்று முறை உடைந்தால், அதன் பிறகு உலோகத்தைப் பற்றி யோசியுங்கள்.

2. பளபளப்பான பாகங்களுக்கு முன் பால் பேரிங்கைக் கவனியுங்கள். விலை குறைந்த டிரக்குகள் பலவற்றில் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண புஷ் மட்டுமே இருக்கும். பால் பேரிங் மாட்டினால் உராய்வு குறையும், மோட்டாருக்கும் சுமை குறையும்.

3. சக்கரங்களைக் கனமாக்குவதாக இருந்தால் முதலில் உலோகக் கியர் உள்ள சர்வோவுக்கு மாறுங்கள். ஆனால் பெரிய சர்வோ அதிகக் கரண்ட் இழுக்கும். டிரக்கின் சர்க்யூட் அதைத் தாங்காவிட்டால் ரிசீவர் நின்று நின்று மறுபடி ஆன் ஆகும். எஸ்எம்பிஎஸ் கதைதான்!

4. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மாட்டி, ஓட்டிப் பார்த்து, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைக்க முடியாத அளவு சுட்டால் அந்த மாற்றம் அதிகம் என்று அர்த்தம்.

5. உலோகத்தில் உலோக ஸ்க்ரூ மாட்டும்போது நீல நிற த்ரெட் லாக் பசை ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் அது படக்கூடாது. சில வகை பிளாஸ்டிக் அதனால் விரிசல் விடும். உலோகக் கியர்களுக்கு கிரீஸ் அவசியம்.

6. எளிதில் கடைவதற்கென்று தயாரிக்கும் பித்தளையில் சிறிதளவு ஈயம் கலந்திருக்கும். மாட்டி முடித்ததும் கையைக் கழுவுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தச் சின்னப் பாகங்களைக் கீழே விடாதீர்கள்.

‘இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு, பளபளவென்று இருப்பதில்தானே சந்தோஷம்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் வண்ண விளக்கு போடுபவரை நாம் குறை சொல்வதில்லையே! அழகுக்கு என்று தெரிந்து வாங்கினால் தவறே இல்லை. பலத்துக்கு என்று நம்பி வாங்கி ஏமாறாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ‘அப்கிரேட்’ என்று பெயர் வைத்து விற்பதாலேயே ஒரு பாகம் அப்கிரேட் ஆகிவிடாது.

எங்கள் டிரக்கின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கம்ப்யூட்டர் பூட் ஆகாவிட்டால் ஒவ்வொரு ரேமாகக் கழற்றிப் பார்ப்போம் இல்லையா, அதுபோல ஒவ்வொரு உலோகப் பாகமாகக் கழற்றினோம். முன் ஆக்சிலில் இரண்டு பித்தளைத் துண்டுகள், உலோகக் கியர் சர்வோ, பால் பேரிங்குகள், இவை மட்டும் மிஞ்சின. கருகிய மோட்டாருக்குப் பதில் அதே வகையில் புதியது ஒன்று. டிரைவ் ஷாஃப்ட் மறுபடியும் பிளாஸ்டிக்தான். கூடுதலாக இரண்டு ஷாஃப்ட்கள் டப்பாவில் தயாராக இருக்கின்றன.

போன வாரம் அதில் ஒன்று உடைந்தது. மகன் என்னைக் கூப்பிடவில்லை. அவனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு, மறுபடியும் மாடிக்குப் போய்விட்டான். செல்போன் மேஜை மேலேயே கிடந்தது.