ஒழுகிய மூலை



போன மாதம் ஒரு காதுகுத்துக்காகச் சிவகாசி பக்கம் எம். புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து, வெயில் தாழட்டும் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிற தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வாசலில் பூட்டு பத்திரமாகத் தொங்குகிறது. பக்கச் சுவர் இடிந்து ஆள் நுழைய வழி விட்டிருக்கிறது. கிரிக்கெட் ஆடிய பையன்களின் பந்து அதன் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் ஜன்னல் கம்பியில் கால் வைத்து, சன்ஷேடைப் பிடித்து, மேலே ஏறிவிட்டான்.

என் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பாட்டி சட்டென்று எழுந்து கத்தினார்: "யய்யா, கிழக்கு மூலைக்குப் போகாத! அது நாங்க வேலை பாக்கும்போதே ஒழுகும். அங்கன சட்டிய வச்சுக்கிட்டுத்தான் குச்சி அடுக்குவோம்."

பையன் அப்படியே நின்றான். பெரியவர்கள் ஏணி கொண்டுவந்து மேற்குப் பக்கமாக இறக்கிவிட்டார்கள். பந்து இன்னும் அங்கேதான் கிடக்கும்.

பிறகு சுவர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பாட்டி சொன்ன மூலையில் கூரையின் அடிப்பக்கம் காரை மொத்தமாகப் பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்தது. பட்டுப்போன மரத்தின் பட்டை மாதிரி துரு அடுக்கடுக்காக உரிந்து நின்றது. மேலேயிருந்து பார்த்தவனுக்கோ அது நல்ல தளம். வெள்ளையாக, மட்டமாக, ஓடி விளையாடலாம் போல இருந்திருக்கும்.

ஆபத்து இருப்பது இங்கேதான். கான்கிரீட் தளத்தைத் தாங்குவது உள்ளே இருக்கிற கம்பி. ஒழுகும் இடத்தில் தண்ணீர் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் என்பதால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. இவ்வளவும் அடிப்பக்கம் நடக்கிறது. மேலே நிற்பவன் கண்ணுக்கு எதுவும் படாது. பழைய மச்சு வீடுகளில் இதே வேலையைக் கரையான் செய்கிறது. உத்திரக்கட்டை வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே மண்ணாக இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் மோசம். வெயிலிலும் மழையிலும் கிடந்து நொறுங்கத் தயாராக இருக்கும் அது, விரிசல் விட்டு எச்சரிக்காது. கால் வைத்த மாத்திரத்தில் ஆளை உள்ளே விட்டுவிடும். பழகிய கூரை வேலைக்காரர்களே பலகை போடாமல் ஷீட் மேல் ஏற மாட்டார்கள்.

நம் பக்கத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் அதிகம். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்ததிலிருந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கைவேலை குறைந்து இயந்திரம் வந்த பிறகு ஊருக்கு ஊர் ஆபீஸ்கள் மூடிக் கிடக்கின்றன. அவற்றோடு மொட்டைக் கிணறுகளும், கடப்பாக் கல் போட்டு மூடிய தண்ணீர்த் தொட்டிகளும் சேர்ந்து கிடக்கின்றன. 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாடே நான்கு நாள் தூங்காமல் இருந்தது. கைவிட்ட ஆழ்துளைக் குழியை மண், மணல், கல் கொண்டு அடியிலிருந்து தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் போன பிறகுதான், மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் பிள்ளையைக் கொடுத்த பிறகே நாம் விழிக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

விபத்து நடந்து சீல் வைத்த வெடி ஆபீஸ், அதாவது பட்டாசு ஆலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் எம். புதுப்பட்டி பக்கம் ரெங்கபாளையத்தில் நடந்த வெடி விபத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பெண்களை, இழந்தோம். 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்து உதவ ஓடி வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். வெடித்த கட்டடத்தில் நிற்கிற சுவரும் உள்ளுக்குள் அறுந்திருக்கும். தரை இடுக்கில் மருந்து கிடக்கலாம். ஈரம் பட்ட அலுமினியப் பொடிக் கலவை தானாகவே சூடேறும். வீடியோ எடுக்கவோ, பழைய இரும்பு பொறுக்கவோ அங்கே யாரும் போக வேண்டாம். இதில் விதிவிலக்கே கிடையாது.

மற்ற இடங்களுக்கு, பிள்ளைகளிடம் "போகாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. நம் வயதில் நாமும் கேட்கவில்லை. ஏன் என்று காட்டுங்கள். கம்பி தெரியும் கூரையைக் கீழே நின்று காட்டி, இதன் மேல்தான் நீ நிற்கப் பார்த்தாய் என்று சொல்லுங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர்களைப் பேச விடுங்கள். எந்த மூலை ஒழுகும், எந்தப் படி ஆடும், தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் காலத்துக்குப் பிறகு அது யாருக்கும் தெரியாது.

அப்படியும் ஒருவர் விழுந்துவிட்டால், தயவுசெய்து தூக்காதீர்கள். தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்து சோடா கொடுப்பது நம் ஊர்ப் பாசம். ஆனால் கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்தப் பாசமே ஆளைக் காலத்துக்கும் படுக்கையில் போட்டுவிடும். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து நடந்தாலும், தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை, மூடாத கிணற்றை, சர்வே எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். இடிக்க நாளாகும் என்றால், அதுவரை படிக்கட்டையும் சுவர் இடுக்கையும் மட்டுமாவது செங்கல் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். கிராம சபையில் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது. போகும்போது அங்கே வேலை பார்த்த ஒரு பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்