நிறுத்துமுன் காரணத்தைத் தேடுங்கள்

கணிப்பொறிக்கு நீங்கள் எந்த வேலையும் கொடுக்கவில்லை. ஆயினும் அதன் விசிறி இரைகிறது. திரையில் எழுத்துகள் தயங்கித் தயங்கி வருகின்றன. 'டாஸ்க் மேனேஜரை'த் திறந்து பார்த்தால், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு நிரல் மையச் செயலகத்தின் நேரத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. உடனே அதை நிறுத்திவிடலாமா? அவசரம் கூடாது என்பதே என் கருத்து.

2013ஆம் ஆண்டின் இறுதியில் விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறிகள் பலவற்றில் இத்தொல்லை ஏற்பட்டது. காரணம் வைரஸ் அன்று. பாதுகாப்புத் திருத்தங்களைத் தேடித் தரும் 'விண்டோஸ் அப்டேட்' நிரலேதான்! பழைய திருத்தத்துக்குப் பதிலாகப் புதியது, அதற்கும் பதிலாக இன்னொன்று என்று ஒரு சங்கிலி நீண்டுவிட்டது. அதில் ஒரு கண்ணி கூடும்போதெல்லாம் சரிபார்க்கும் வேலை இருமடங்காயிற்று. 10 முறை இரட்டித்தால் 1,024 மடங்கு; 20 முறை இரட்டித்தால் 10 லட்சத்துக்கும் மேல்!

அந்நிரலை நிறுத்தினால் வேகம் திரும்பும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. இருமடங்கு வேகமுள்ள செயலகம் வாங்கினாலோ, ஒரே ஒரு கண்ணியைத்தான் ஈடுகட்டலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் காலாவதியான பழைய கண்ணிகளை நீக்கிய பிறகே தொல்லை தீர்ந்தது.

ஆகவே, முதலில் நிரலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அது என்ன வேலை செய்கிறது என்று அறியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, விளைவைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற முறைதான் இது. கணிப்பொறிக்கும் அதுவே பொருந்தும்.