மாற்று ஆட்டக்காரரின் மதிப்பு

பிரீமியர் லீக்கில் நார்வே வீரர் ஹாலண்ட் 2022-23 பருவத்தில் 36 கோல்கள் அடித்து, 34 என்றிருந்த பழைய சாதனையை முறியடித்தார். பாராட்டுவோம். ஆயினும் என் வாக்கு அவர் நாட்டவரான சோல்ஷயருக்கே!

“மாற்று ஆட்டக்காரர்தானே” என்று நண்பர்கள் நகைக்கலாம். 1999 பிப்ரவரியில், நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு எதிராக, இருபது நிமிடங்கூட மீதமில்லாதபோது மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக இறங்கி 4 கோல்கள் போட்டவர் அவர். அதே ஆண்டு மே மாதம் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில், 90 நிமிடங்கள் கடந்தபின் பேயர்ன் மியூனிக்கை வீழ்த்திய கோலும் அவருடையதே. பெஞ்சில் அமர்ந்திருக்கையில் எதிரணித் தடுப்பாளர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பாராம். பிந்தி நுழைபவனுக்கு அந்தக் கவனமன்றோ முதலீடு? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்த எனக்கு அது புரிகிறது.

முழங்கால் காயத்தால் 2007இல் ஓய்வு பெற்றபோது, யுனைடெட்டுக்காக அவர் அடித்திருந்தவை 126 கோல்கள். அவற்றுள் பல, மாற்றாளாக இறங்கி அடித்தவை.