எங்கள் பெயரைக் காட்டி எங்களிடமே பறிப்பதா?

பத்து வெள்ளிகூட ஆகாது என்று சொல்லித்தான் எங்கள் கடை அகப்பக்கத்தின் டொமைன் பெயரைப் பதிவு நிறுவனத்தார் எங்களிடம் விற்றார்கள். அது ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, அதையே புதுப்பிக்க ஆண்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள். இடையில் அந்தப் பெயருக்காக அவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. உழைத்தது நாங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணக் கார்டு அச்சடிக்கும் சின்னக் கடை எங்களுடையது. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, புடவைக்கடை, நகைக்கடை என்று ஏறி இறங்கும் கல்யாண வீட்டார்தான் எங்களுக்கும் வாடிக்கையாளர்கள். கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வருகிறவர்கள், இப்போதெல்லாம் மாதிரிகளை அகப்பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் கடைப்படி ஏறுகிறார்கள். நாங்கள் அடிக்கும் ஒவ்வொரு கார்டின் பின்பக்கத்திலும் கீழே அந்த முகவரி இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்து, எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த முகவரி அது. கடைப் பலகையிலும் பையிலும் ரசீதுப் புத்தகத்திலும் அதேதான். அதை விட்டுவிட்டு வேறு பெயருக்குப் போ என்றால் எங்கே போவது? கொடுத்த கார்டுகளை வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்க முடியுமா? முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் விலையை ஏற்றுகிறார்கள்.

வந்த பில்லைப் பாருங்கள். டொமைனுக்கு டாலரில் ஒரு தொகை. முதல் ஆண்டு இலவசம் என்று கொடுத்த தனியுரிமைப் பாதுகாப்புக்கு இப்போது தனிக் கட்டணம். நாங்கள் கேட்காத மின்னஞ்சல் சேவை ஒன்றுக்கு அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் மேல், 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகிவிட்ட சேவை வரி. பிறகு வங்கி பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம். அதே நாளில், அதே நிறுவனம், புதிதாக வருகிறவருக்குப் பழைய மலிவு விலையைக் கூவிக் கூவி விற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகப் பணம் கட்டியவனுக்குத் தண்டனை, நேற்று வந்தவனுக்குச் சலுகை. இது எந்த ஊர் நியாயம்?

செலவு கூடிவிட்டது என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். .காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 7.85 டாலர் வாங்கிக்கொண்டிருந்த அது, 2021 செப்டம்பரிலிருந்து படிப்படியாக ஏற்றி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆக்கியது. குறிப்பிட்ட ஆண்டுகளில் 7 விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ள அமெரிக்க வணிகத்துறை 2018-இல் வழிவிட்டதன் பலன் இது. அதற்காவது ஓர் உச்சவரம்பு இருக்கிறது. எங்களிடம் சில்லறையில் விற்கும் பதிவு நிறுவனத்துக்கு எந்த வரம்பும் கிடையாது. இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு சில்லறை விலையில் தலையிடுவதில்லை. பத்து டாலர் சொச்சத்துக்கு எடுத்ததை இருபத்தைந்துக்கு விற்றாலும் கேட்க நாதியில்லை. கடையை வாடகைக்கு எடுத்தால்கூட அடுத்த தவணைக்கு என்ன வாடகை என்று பேசி எழுதிக்கொள்கிறோமே!

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள் என்கிறார்கள். விதி நம் பக்கம்தான். பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டைக் கேட்டால் 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மாறும்போது கட்டுகிற பணமும் வீண்போகாது; .காம் பெயருக்கு ஓராண்டு கூடச் சேரும். ஆனால் அந்தக் குறியீட்டை வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ‘புதுப்பி’ என்ற பொத்தான் எல்லாப் பக்கத்திலும் பெரிதாகப் பச்சை நிறத்தில் நிற்கிறது. பெயர் வெளியே போகாதபடி போட்டிருக்கும் பூட்டைத் திறக்கிற இடமோ உள்ளுக்குள் உள்ளாக, சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் ஒளிந்து கிடக்கிறது. உதவி கேட்டு எழுதினால், ‘ஏன் போகிறீர்கள், தள்ளுபடி தருகிறோம்’ என்று பேச்சை இழுக்கிறார்கள். தள்ளுபடி தர முடியுமென்றால் முதலில் ஏன் அந்த விலையைக் கேட்டீர்கள்?

அதற்குள் காலாவதித் தேதி நெருங்கிவிடுகிறது. கெடு தாண்டிப் பெயர் நீக்கப்பட்டால் மீட்க 30 நாள். அதற்குத் தனியாக ஒரு பெரிய தொகை. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கைவிட்டுப் போன பெயர்களில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகளின் கல்யாணக் கார்டை எடுத்து வைத்திருக்கும் ஒரு தாய், அதில் உள்ள முகவரியைத் தட்டினால் சூதாட்டம் வரவேண்டுமா? இந்தப் பயத்தில்தான் கேட்டதைக் கட்டுகிறோம். எங்கள் பயம்தான் அவர்கள் வியாபாரம்.

இது எங்கள் கடையோடு முடிகிற வேதனை இல்லை. கோயில்களும் சங்கங்களும் வைத்திருக்கும் .ஆர்க் பெயர்களுக்கு இருந்த விலை வரம்பை ஐகான் 2019 ஜூனில் எடுத்துவிட்டது. கருத்துக் கேட்டபோது மூவாயிரம் பேருக்கு மேல் எழுதினார்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றே எழுதினார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பரில், ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் அந்தப் பதிவேட்டையே 113.5 கோடி டாலருக்கு வாங்க வந்தது. தொண்டு அமைப்புகள் கொதித்தெழுந்தன. கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞரும் எதிர்த்து எழுதினார். 2020 ஏப்ரல் 30-இல் ஐகான் அனுமதி மறுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நின்றிருக்குமா?

இங்கே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி முறையிடலாம். ஆனால் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தை யார் இழுத்து வருவது? அதனால்தான் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறோம். முதல் ஆண்டு விலையை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவில், அதே இடத்தில் அடுத்த ஆண்டு விலையையும் போடுங்கள். கேட்காத சேவைக்கு நீங்களே டிக் போடாதீர்கள். குறியீட்டைக் கேட்டவுடன் கொடுங்கள். .மை பெயர்களைக் கவனிக்கும் மைநிக், தன் கீழ் விற்பவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கட்டும். மற்றவர்களைப் பற்றி அரசாங்கம் பேசட்டும்.

நாங்கள் இலவசம் கேட்கவில்லை. நியாயமான விலையை முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். போக நினைக்கிறவனைப் போகவிடுங்கள்.