ஆயாவிடமும் சொன்னீர்களா?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருபவர் என்று பலர். பகல் நேரப் பராமரிப்பு மையத்தில் சிறப்பாசிரியை, ஆயா. இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவர் காதுக்கு எட்டுவதில்லை. ஆஸ்பத்திரி ஒரு துறை, மையம் இன்னொரு துறை. நடுவில் தூது போவது யார்? அம்மாதான்!

என் நாத்தனாரின் மகளுக்கு 6 வயது. போன வருஷம் மட்டும் 3 தடவை நிமோனியா. "பனிக்காத்து பட்டிருக்கும்", "வாழைப்பழம் குடுத்தியா?" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். (வாழைப்பழத்தின் மேல் நம் பெரியவர்களுக்கு என்னதான் கோபமோ!) பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள்தான், "மையத்துல எப்படி ஊட்டறாங்க?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், ஆயா மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கிறார்.

விழுங்கக் கஷ்டப்படும் குழந்தைக்கு அப்படி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராது, சகோதரிகளே! நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், தாடை சற்றுத் தாழ்ந்திருக்க, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதைப் பயிற்சியாளர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆயாவைக் கோபித்து என்ன பயன்? "சங்குல பால் புகட்டின கை இது. இப்படிக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியேம்மா" என்று அழுதேவிட்டாராம். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த விஷயம் மையத்தின் வாசற்படியைத் தாண்டவில்லை.

அதே ஆயாதான் பிறகு ஒன்று சொன்னார்: "பதினோரு மணி வாக்குல கண்ணு அப்படியே நிலைகுத்திப் போகுது. கூப்பிட்டாலும் திரும்பாது. தூக்கக் கலக்கம்னு இருந்துட்டேன்." இதைக் கேட்ட டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்போனில் படம் பிடித்து வரச் சொன்னார். அதுவும் ஒருவகை வலிப்பாம்! மாதம் ஒருமுறை பார்க்கும் டாக்டருக்குத் தெரியாதது, தினமும் பார்க்கும் ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் வந்தன. டாக்டரும் பயிற்சியாளர்களும் சிறப்பாசிரியரும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தினமும் சோறூட்டும் ஆயா அந்தக் கூரையின்கீழ் இல்லையே!

நாத்தனார் ஒரு நோட்டு போட்டாள். முதல் பக்கத்தில் உட்காரவைக்கும் முறை, மருந்தின் பெயர், அளவு, நேரம். அடுத்து, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். வாயில் எதையும் திணிக்கவேண்டாம், இரும்புச் சாவியும் வேண்டாம். 5 நிமிஷத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. மற்ற பக்கங்கள் அவரவர் பார்த்ததை எழுத. ஆயாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்லச் சிறப்பாசிரியை எழுதுகிறார்.

நோட்டு மட்டும் போதாது. ஆயா மாறினால், முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து ஒருவேளை ஊட்டிக் காட்டுங்கள். பிறகு அவரை ஊட்டச் சொல்லிப் பாருங்கள்.