வரையாடும் வேட்டைச் சங்கத்தாரும்

வேட்டையாடுவோரைப் பாராட்டி எழுதப் புகுதல் இக்காலத்தில் வசைக்கு இடந்தரும் செயலென்பதை யாம் அறிவோம். 1972-ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபின் நம் நாட்டில் வேட்டை ஒரு விளையாட்டாக இருத்தல் ஒழிந்தது, ஒழிந்தது நன்றே. ஆயினும், அதற்கு முன்னர் நீலகிரியிலும் அதன் தெற்கேயுள்ள உயர்மலைகளிலும் துப்பாக்கி ஏந்தித் திரிந்த கூட்டத்தாருள் ஒரு சாராருக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றிக்கடன் ஒன்றுண்டு. அதனை மறந்துவிடுதல் நியாயமன்று என்பதே இவ் வியாசத்தின் கருத்து.

அக் கூட்டத்தார் நாடிச்சென்ற விலங்கு வரையாடு. சங்கப் புலவர் வருடையென்று பாடியதும் இதனையே என்பர். இன்று இது நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. துரைமார் இதனை ஐபெக்ஸ் என்று பிழையாக வழங்கினர். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி வேறெங்கும் இஃது இயற்கையாய் வாழ்வதில்லை. தாராபுரத்தில் வாழும் நமக்கு இவ்விலங்கோடு என்ன உறவு என்று கேட்கும் மாணவர் சிலர் இருக்கலாம். நம் ஊரைத் தழுவிச் செல்லும் அமராவதிக்கு நீரூட்டும் பாம்பாறு, 8,842 அடி உயர்ந்த ஆனைமுடியை அடுத்த புல்வெளிகளிலே பிறக்கின்றது. அப் புல்வெளிகளே வரையாட்டின் உறைவிடம். அப் புல்லும் அதனிடையே பள்ளங்களில் அடர்ந்த சோலைகளும் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவதனாலன்றோ கோடையிலும் அவ்வோடைகள் வற்றாது கசிகின்றன! அந் நிலம் காட்டாட்டிற்கென்று காக்கப்பட்டதன் பயன் நம் வயல்வரை வந்து சேர்கின்றது.

இனி, இவ்வேட்டையின் தன்மையைச் சிறிது கூறுவோம். வரையாடு மிகக் கூரிய பார்வையுடையது. மந்தை மேயும்போது ஒன்றிரண்டு தலைநிமிர்ந்து காவல் நிற்கும். ஐயம் தோன்றிய மாத்திரத்தில் யாவும் செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கி மறைந்துவிடும். ஆதலின் நெடுந்தொலைவிலிருந்தே சுடவேண்டிய நிலை வேட்டைக்காரனுக்கு நேர்ந்தது. பௌதிகம் பயிலும் நண்பர்கள் ஒரு கணக்கை இங்கே நோக்குக. விநாடிக்குச் சராசரி 2,400 அடி விரையும் தோட்டா 400 கஜத்தைக் கடக்க அரை விநாடி ஆகும். அவ்வரை விநாடியில் புவியீர்ப்பினால் அது ஏறக்குறைய 4 அடி கீழ்நோக்கி வீழ்ந்துவிடும். பள்ளத்தாக்கின் குறுக்கே வீசும் காற்று அதனை எப்பக்கம் தள்ளுமென்பதோ வேறொரு கணக்கு. இவற்றைப் பிழைபட மதித்தவன் விலங்கைக் கொல்லான், காயப்படுத்துவான், காயம்பட்டது கைக்கெட்டாத பாறையிடுக்கிற் கிடந்து மடியும். எனவே, சுடத் தெரிதலினும் சுடாதிருக்கத் தெரிதலே இக்கலையில் தலையாயது. மூடுபனி விலகும்வரை தொலைநோக்கியைக் கண்ணினின்று எடுக்காமல் ஈரப்புல்லின்மேல் மணிக்கணக்காகக் கிடக்கும் பொறுமை இதற்கு வேண்டும். அங்ஙனம் கிடந்தவர்களே இவ்விலங்கின் நடை, கூட்டம், குட்டியீனும் பருவம் முதலியவற்றை முதன்முதல் எழுதிவைத்தனர்.

துப்பாக்கி பெருகியபோது மந்தை சிறுத்தது. அதனைக் கண்டு கவலையுற்ற வேட்டைக்காரரே 1877-ஆம் ஆண்டில் நீலகிரியில் ஒரு சங்கமாகக் கூடினர். 1879-இல் அரசினரைக்கொண்டு நீலகிரி வேட்டை மீன் பாதுகாப்புச் சட்டமும் செய்வித்தனர். சுடலாகாத பருவங்கள் குறிக்கப்பட்டன. லைசென்ஸ் இன்றிச் சுடுதல் குற்றமாயிற்று. பெண்ணாட்டைச் சுடுதல் விலக்கப்பட்டது. முதுகிலே சேணமிட்டாற்போல் வெண்மை படர்ந்த முதிர்ந்த கிடாய்களையே குறிபார்த்தல் முறையென்று கொள்ளப்பட்டது. தெற்கே மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் துரைமாரும் இவ்வாறே இரவிகுளம் மேட்டுநிலத்தைத் தம் வேட்டைக் காடாக வைத்து, முதுவரைக் காவலராக நியமித்துக் காத்தனர். அந்நிலம் 1971-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, 1975-இல் சரணாலயமும் 1978-இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. சுற்றிலும் தேயிலை ஏறிய அம்மலைகளில் அந்த ஒரு மேடு புல்லாகவே எஞ்சியதற்கு வேட்டை விருப்பமே காரணமென்றால் அது மிகையாகாது.

“தாம் கொல்வதற்காகவே காத்தனர், இதில் புகழென்ன?” என்பார் உளர். மெய்தான். மற்றுமொரு குறையை அவர் சொல்ல மறந்தாலும் யாம் சொல்லுவோம். கண்ணியும் வலையுமாய் வயிற்றுக்கு வேட்டையாடிய மலைமக்கள் அச்சட்டத்தின் பார்வையில் திருடராயினர்; சுவரில் கொம்பு மாட்டுதற்குச் சுட்டவரோ கனவான்கள் ஆயினர். இந்த ஓரவஞ்சனையை எவ்விதச் சமாதானத்தாலும் மறைக்க முடியாது. எனினும் நோக்கத்தை மட்டுமே நிறுத்துப் பார்ப்பது தராசின் ஒரு தட்டை மறைத்துக்கொள்வதாகும். பிறரால் கட்டாயப்படுத்தப்படுமுன் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட கூட்டங்கள் உலகில் மிகுதியாக இல்லை. கருணையின் பெயரால் பேசுகின்ற நாமோ, பிற்காலத்தில் அப்புல்வெளிகளில் சீகையையும் தைலமரத்தையும் நட்டுப் பரப்பிய காலத்து வாய்திறந்தோமா? தோட்டா ஒரு கிடாயைக் கொன்றது. அம்மரங்களோ மந்தையின் மேய்ச்சலையே விழுங்கின.

சங்கம் செய்த மற்றொரு நன்மை எண்ணும் பழக்கம். அதன் அன்பர்கள் மலைமுகடுகளிற் படுத்துக்கொண்டு ஆடுகளை எண்ணினர். அவ்வழியில் வந்தவர் குன்னூரில் வழக்கறிஞராயிருந்த ஈ. ஆர். சி. டேவிதார். இளமையில் துப்பாக்கி பிடித்த அவர் பின்னர் அதனை விடுத்துக் காமிராவைக் கைக்கொண்டார். 1963-இலும் 1975-இலும் நீலகிரி வரையாடுகளை அவர் முறையாகக் கணக்கெடுத்தபோது 300-ஐ ஒட்டிய தொகையே கிடைத்தது. அவர் நினைவாகவே அக்டோபர் 7-ஆம் நாள் வரையாடு தினமாகத் தமிழ்நாட்டில் கொண்டாடப்படுகின்றது. வேட்டைக்காரன் கண் கவிஞன் கண்ணினும் கூர்மையுடையதென்பது எம் துணிபு. கவிஞர் கோபிக்கலாம், ஆனால் அவர்களில் எவரும் ஆட்டை எண்ணவில்லையே!

இதனோடு நம் பக்கத்து வழக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு இரவில் முயலுக்கும் கௌதாரிக்கும் புறப்படும் இளைஞர்களை யாம் அறிவோம். விளக்கொளியில் கண்கூசி நிற்கும் முயலை அடிப்பதிலே பொறுமை ஏது, குறி ஏது? ஆணா பெண்ணா, சினையா என்ற கேள்வியே எழுவதில்லை. மேய்ச்சற் கொறங்காடுகளில் சென்ற ஆண்டு எத்தனை முயல் இருந்தன, இவ்வாண்டு எத்தனை என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. இன்றைய சட்டத்தின்படி குற்றமான இச்செயலைப் பழைய சங்கத்தாரும் தம் விதிப்படி இழிவென்றே தள்ளியிருப்பர்.

தமிழ்நாட்டு அரசினர் 2022-இல் வரையாட்டுத் திட்டத்திற்கென 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினர். 2024-இல் எடுத்த கணக்கின்படி நம் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் உள்ளன. 2025-இல் அத்தொகை 1,303 ஆயிற்று. இவற்றைக் கண்ணாற் காண விழைவோர் உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாய் மூணாறு சென்று, அங்கிருந்து இரவிகுளத்து இராசமலைக்கு ஏறலாம். பழைய வேட்டைக்காரர் தொலைநோக்கியிலும் அரிதிற் கண்ட கிடாய், அங்கே சாலையோரத்தில் நம் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சாது மேய்ந்துகொண்டிருக்கும். குட்டியீனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், வாயில் அடைத்திருப்பார்கள். ஆதலின் ஆண்டுப் பரீட்சை முடிந்த பின்னர் செல்லுதல் நலம்.